போய்விட்டு வருகிறேன் என்றவர்களின் பில்கள்

2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். ராஜா அண்ணாமலைபுரத்தில் தூறல். காற்று கொஞ்சமும் இல்லை, புழுக்கம் மட்டும். தெருமுனைக் கடையில் தேயிலைத் தூள் கேட்டேன். "நாளைக்கு வரும் சார்" என்றார் அண்ணாச்சி. இந்த நகரத்தில் முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறேன். "நாளைக்கு வரும்" என்றால் "இல்லை" என்று பொருள் என்பது பிடிபட எனக்கு முதல் நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை, சொன்ன நாளில் சரியாகப் போய் நின்றுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் சந்திக் கடைக்காரர் "முடிஞ்சுது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இங்கே கடைக்காரர் வாயில் "இல்லை" என்ற சொல் வரக்கூடாது, வந்தால் லட்சுமி கோபித்துக்கொள்வாள். தேயிலை இல்லாமல் திரும்பி நடக்கும்போதுதான் தி. நகரிலிருந்து தொலைபேசி வந்தது.

அங்கே உள்ள ஒரு துணிக்கடையின் பில் போடும் கம்ப்யூட்டர் நிரலைப் பராமரிப்பவன் நான். நான்கு மாடி, பதினான்கு பில் மேசை. ஊரில் கணிதம் படிப்பித்தேன். கடல் தாண்டி வள்ளத்தில் வந்து இறங்கியபின் கோடம்பாக்கத்து மாலை வகுப்பொன்றில் கம்ப்யூட்டர் படித்து, அதிலேயே எழுபத்தொரு வயது வரை வந்துவிட்டேன். அந்த நிரலை எழுதிய நிறுவனம் ஒன்பது வருடத்துக்கு முன்பே மூடப்பட்டது. அது விழுந்தால் தூக்கி நிறுத்துவதற்கு மாதச் சம்பளம் எனக்கு வருகிறது. வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் போகிறது.

"ஐயா, நேத்து சாயந்தரம் மெஷின் மறுபடியும் படுத்துட்டு" என்றார் சின்ன முதலாளி. அப்பா இறந்து இரண்டு வருடமாக அவர்தான் கடையைப் பார்க்கிறார், திருநெல்வேலிக்காரர். "அதோட ஒரு பட்டுச் சேலையைக் காணும். கொஞ்சம் வெரசா வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஐந்து. இரண்டாம் மாடியில் கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். பதினோராவது மேசையில் ஆறு வருடமாகப் பில் போடுகிறவள், வீடு கோடம்பாக்கத்தில். சேலையின் எண் 70341, விலை பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. அலமாரியிலும் இல்லை, விற்றதாக மெஷினிலும் இல்லை. அதைக் கடைசியாகக் கையில் வாங்கியவள் இவள்.

"ஒம்பதரைக்குக் கடை தொறக்கணும். அதுக்குள்ள வழி தெரியலேன்னா பணத்தைக் கட்டட்டும், இல்ல கணக்கை முடிச்சிக்கிடட்டும்" என்றார் சின்ன முதலாளி. அவர் கத்தவில்லை. அதனால் அது இன்னும் உறுதியாகக் கேட்டது.

"நான் இவவோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது, அவ்வளவுதான்.

"கதையா?" கஸ்தூரி திரும்பினாள். "நான் சொல்றது கதைன்றியா சார் நீயும்? அந்தம்மா வந்துச்சு, பொடவைய எட்த்துச்சு, பில்லு போட்டேன். பணம் எடுத்துக்கினு வரேன், போய்ட்டு வரேன்னுச்சு. நான் பில்ல நிறுத்தி வெச்சேன். பொடவைய பின்னாடி தட்டுல வெச்சுட்டு சாப்ட போனேன். இதுல இன்னா சார் கதை கீது?"

"கோவிக்காதேங்கோ. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, எத்தினை மணிக்கு?"

"வடிவு அக்கா லீவு சார். ஊர்ல கல்யாணம்னு நேத்து ராவே பஸ் ஏறிடுச்சு."

வடிவாக என்றால் எங்களுக்கு நன்றாக, ஆற அமர. வடிவு என்பவர் பக்கத்து மேசைக்காரி. முப்பத்து மூன்று வருடத்தில் இப்படி எத்தனை முறை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். மூன்றே முக்கால், நாலு மணி இருக்கும் என்று கஸ்தூரியே பிறகு சொன்னாள்.

நிரல் விழும் நேரத்தில் தன் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பாகப் பதிந்துவிட்டு விழும்படி நான்தான் போன தீபாவளிக்கு முன் அமைத்திருந்தேன். ஹீப் டம்ப் என்பார்கள். அந்த நொடியில் உள்ளே இருந்த ஒவ்வொரு பில்லும், ஒவ்வொரு சேலையும், ஒவ்வொரு மேசையும் அதில் தனித்தனிப் பொருளாக உறைந்து நிற்கும். எது எத்தனை என்று கேட்கலாம். ஒரு பொருளைத் தொட்டு, உன்னை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். யாரும் பிடித்திராத பொருளை நிரல் தானே கூட்டித் தள்ளிவிடும். ஒரே ஒரு கை பிடித்திருந்தாலும் போதும், அது கிடக்கும்.

கோப்பு திறக்கப் பதினோரு நிமிடம் எடுத்தது. திறந்ததும் எண்ணிக்கையைப் பார்த்தேன். பதினான்கு மேசைக்கு மிஞ்சிப்போனால் முப்பது, நாற்பது பில் இருக்கவேண்டும். நடப்பில் இருந்த சிலவற்றைத் தள்ளிப் பார்த்தாலும் 6,412 பில்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் சேலைகளைப் பிடித்திருந்தது, ஒவ்வொரு சேலையும் தன் புகைப்படத்தைப் பிடித்திருந்தது. பில்களைப் பிடித்திருப்பது யார் என்று மேலே ஏறிப் பார்த்தால் ஒரே ஒரு பட்டியல். அதன் பெயர் "பிறகு".

அது இறந்துபோன அப்பா, பெரிய முதலாளியின் ஏற்பாடு. நிரல் எழுதியபோது "ரத்து" என்ற பொத்தானை அவர் வைக்க விடவில்லையாம். வாடிக்கையாளர் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கும்போது நாம் ரத்து என்று அமுக்குவதா என்றாராம். அதனால் "பிறகு" என்ற பொத்தான் மட்டும் இருந்தது. சென்னையில் எந்தப் பெண்ணும் ஒரு கடையில் "வேண்டாம், போகிறேன்" என்று சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்பாள். மனிதருக்கு அது புரியும். நிரலுக்குப் புரியவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன எல்லோருக்காகவும் அது சேலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இரவு நிறுத்தினால் சேமிப்பு வட்டில் எழுதிவைத்து, காலையில் மறுபடி வாசித்துக்கொண்டு, கனம் கூடிக் கூடி, நேற்று மூச்சு முட்டி விழுந்துவிட்டது.

எங்களவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாங்களும் "போறன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வாறன்" என்போம். 1990இல் ஒரு காலை, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சைக்கிள் திருத்தும் கடையில் என் சைக்கிளை விட்டேன். பின்சில்லு, அதாவது பின்சக்கரம், ஆடிக்கொண்டிருந்தது. "பின்னேரம் வாறன் அண்ணை, எடுத்து வையுங்கோ" என்றேன். அன்று மத்தியானம் குண்டு விழுந்தது. பின்னேரம் நாங்கள் கையில் அகப்பட்டதோடு வேறு திசையில் நடந்துகொண்டிருந்தோம். அந்த மனுஷன் சில்லைச் சரிசெய்துவிட்டுச் சுவரில் சாத்தி எவ்வளவு காலம் வைத்திருந்தாரோ, அதுவும் தெரியாது, அவர் இருந்தாரா என்பதும் தெரியாது. கனடாவில் இருக்கும் என் தம்பி சொல்வான், யாரோ ஓட்டியிருப்பான் அண்ணை, விடு என்று. 6,412 என்ற எண்ணைப் பார்த்தபடி சிறிது நேரம் அந்தச் சில்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கஸ்தூரி செருமினாள். மணி எட்டு ஐம்பது.

சேலை 70341ஐத் தேடினேன். கிடைத்தது. உன்னை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர். ஒன்று கஸ்தூரியின் பில்: மேசை 11, நேரம் 3:52, நிலை "பிறகு". அவள் சொன்னது அத்தனையும் உண்மை. மற்றது கீழ்த்தளத்தில் இரண்டாம் மேசையின் பில்: நேரம் 4:31, ரொக்கம், நிலை "பணம் பெறப்பட்டது". நிரல் விழுந்தது 4:33க்கு. நினைவகம் நிறைந்து திணறியதில் கடைசியாகப் போட்ட அந்தப் பில் வட்டில் எழுதப்படாமல் நின்று, அப்படியே அழிந்துபோயிருந்தது. அந்த அம்மாள் போய்விட்டு வந்தேவிட்டார்.

எழுந்து போய் ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன். இதைச் சொன்னால் கஸ்தூரி வேலையில் நிலைப்பாள். நிரல் நிலைக்காது, அதோடு என் சம்பளமும். வாங்கிய பணத்தின் பில்லையே தொலைக்கும் நிரலை எந்த வியாபாரி வைத்திருப்பார்? சின்ன முதலாளி ஆறு மாதமாகவே பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு பேசிக்கொண்டிருந்தார். தேநீரில் சர்க்கரை அதிகம். குடித்து முடித்து உள்ளே போய்த் திரையைக் காட்டினேன்.

"நேற்றுக் கீழ் மேசைக் கல்லாவிலை காசு கூட இருந்ததோ?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "இருந்துச்சு. பதினெட்டாயிரத்துச் சொச்சம். கொறஞ்சாத்தான ஐயா கேப்போம், கூடி வந்தா என்னத்தக் கேக்க? லட்சுமின்னு சாமி படத்துகிட்ட வச்சிட்டேன்."

பணம் போட்ட கவர் அந்தப் படத்தடியிலேயே, சந்தனப் பொட்டோடு இருந்தது. எண்ணினோம். பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. வடிவுக்குப் போன் போட்டார்கள். பின்னணியில் நாதஸ்வரம். "ஆமாண்ணே, அந்தம்மா திரும்ப வந்தாவ. கஸ்தூரி சாப்பிடப் போயிருந்தா. மேல கூட்டம்னு நான்தான் சேலையைக் குடுத்து கீழ பில் போடச் சொன்னேன். ஏன், என்ன?" என்றார்.

கஸ்தூரி அழவில்லை. "லட்சுமி இல்ல மொதலாளி, அது நானு" என்றாள். சின்ன முதலாளியே சிரித்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஆறாயிரத்தையும் அழிச்சிருங்க ஐயா. அப்பா இருந்தா விட மாட்டாரு. தீபாவளி வரைக்கும் ஓடட்டும். அதுக்கப்புறம் புது மெஷின் வருது. உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல" என்றார். நான் அழித்தேன். திரும்பி வந்துவிட்ட அந்த அம்மாளுக்கான கஸ்தூரியின் பில் போக, வராதவர்களின் பில் 6,411. நிரல் எழுந்து, இளைஞனைப் போல ஓடியது. ஒன்பதரைக்குக் கதவு திறந்தது.

படியில் கஸ்தூரி வந்து நின்றாள். "இன்னா சார், என் வேலைய காப்பாத்திட்டு உன் வேலைய வுட்டுட்டியே" என்றாள். "உனுக்கு கணக்குதான் தெரியும், பொழைக்கத் தெரியாது சார்." ஆறு வருடத்தில் அவள் என்னோடு இவ்வளவு பேசியது அன்றுதான். என் தமிழ் அவளுக்குப் புரியாது என்று நானும், தன் தமிழ் எனக்குப் பிடிக்காது என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூறல் விட்டிருந்தது. உட்கார்ந்ததும் மனம் வழக்கம்போலத் தானாகப் பெருக்கத் தொடங்கிவிட்டது. எந்தத் தொகையைக் கேட்டாலும் அதை இலங்கைக் காசாக மாற்றிப் பார்த்தால்தான் எனக்கு அது பெரிதா சிறிதா என்று தெரிகிறது. அங்கே முப்பத்து மூன்று வருடமாக ஒரு தீப்பெட்டிகூட நான் வாங்கியதில்லை. ஆனாலும் அந்த வாரத்து விகிதம் என்னிடம் எப்போதும் இருக்கும், ஒரு இந்திய ரூபாவுக்கு மூன்று ரூபா தொண்ணூறு சதம். தீபாவளியோடு நிற்கப்போகும் கடைச் சம்பளம், மாதம் பன்னிரண்டாயிரம் ரூபா. அங்கத்தைய காசில் நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு.