கடல் ஏறும் கதைக்கு ஒரு குறிப்பு

கிர்கிஸ்தானில் மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டுக் கோடையில் என்னைத் தோக்மோக் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும், தொலைபேசி மேசையில் இருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தியாவுல ஆம்புலன்ஸே கிடையாதா தம்பி? எங்க ஓட்டை வண்டியில ஏற இம்புட்டுத் தூரமா வந்தே?"

"வண்டி எங்க ஊருக்கும் வரும்க்கா. அதுல ஏறி உக்கார எங்க ஊருக்குன்னு ஒரு டாக்டர் இல்ல. அதான் வந்திருக்கேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும், படித்துப் பார் என்றாள். என் கிர்கிஸ் மொழிக்கு ஒரு கதைக்கு மூன்று டீ ஆனது. அவள் பெயர் ஜூரா. நான் அக்கா என்றுதான் அழைத்தேன். கதையாகச் சொல்லும்போது அது வாய்க்கு இடையூறாக இருப்பதால் ஜூரா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தப் புத்தகம் அச்சேறியபோது அவள் வீட்டில் நடந்ததை அவளும் மற்றவர்களும் பின்னால் எனக்குச் சொன்னார்கள்.

ஜூராவின் கதைகள் குட்டையாக இருப்பதற்கு ஆம்புலன்ஸை அழைக்கும் 103 என்ற எண்தான் காரணம். யாருக்காவது நெஞ்சு வலித்தால், யாராவது கிணற்றடியில் வழுக்கினால், அவள் மேசையில்தான் மணி அடிக்கும். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் எழுதியாக வேண்டும். மணி எப்போது அடிக்கும் என்று தெரியாதவள் மெதுவாகத் தொடங்க முடியாது. முதல் வரியிலேயே உலகத்தைக் கவிழ்த்துவிடுவாள். எல்லாமே நடக்காத உலகத்துக் கதைகள். அவற்றைப் புத்தகமாகப் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் மேரிம். தலைநகர் பிஷ்கெக்கில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்த்தாள்.

மேரிம் ஜூராவின் மகள். ஆனால் அந்த வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. தலைப்பிள்ளையைக் கணவனைப் பெற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கொடுத்தபின் குழந்தை அவர்கள் பிள்ளைதான். மேரிம் பாட்டியை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். பெற்ற அப்பன் குபாத் அவளுக்கு அண்ணன், பெற்றவள் அண்ணி. கணவனோடு பிறந்தவர்களை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதால், தான் பெற்ற பெண்ணையே ஜூரா "சின்னப் பொண்ணு" என்றுதான் அழைத்தாள். மேரிமுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது ஜூராவுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. கேட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல் ஆகிவிடும்.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்திய சனிக்கிழமை மேரிம் மடிக்கணினியோடு தோக்மோக்குக்கு வந்தாள். புத்தகத்தின் கடைசியில் சில பக்கங்கள் வெள்ளையாக மிஞ்சுகின்றன, ஒவ்வொரு கதைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போட்டுவிடலாம் என்றாள். திங்கட்கிழமை அச்சு. அதற்கடுத்த ஞாயிறு புத்தக விருந்து. ஜூராவின் மாமியார் ஏற்கெனவே ஓர் ஆட்டை ஒதுக்கிக் கட்டிவிட்டார். சொந்தபந்தத்துக்கு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஜூரா அடுப்பில் எண்ணெய் வைத்துப் பூர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மேரிம் மேசையில் உட்கார்ந்தாள். மாமியாரும் தன் டீக்கிண்ணத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் கண்ணில் புரை விழுந்து எழுத்துத் தெரியாது. "எனக்கும் கேக்கட்டும், சத்தமாப் படி" என்றார். இதை ஜூரா எதிர்பார்க்கவில்லை. மாமியார் காதில் ஏறும் என்று நினைத்து எழுதியவை அல்ல அந்தக் கதைகள்.

முதல் கதையில் நாளைய விபத்துக்கு இன்றே அழைப்பு வருகிறது. ஆம்புலன்ஸ் போய் நிற்கிறது. ஏணியில் நின்று கூரைக்குத் தகரம் அடிப்பவன், எனக்கு என்னடா வந்தது என்று சண்டை போடக் கீழே இறங்குகிறான். அதனால் விழாமல் தப்பிக்கிறான். மேரிம் படித்து முடிக்கவும் மாமியார், "இது நம்ம பால்காரன். அவன் விழுந்துட்டான், நீ விழாம வச்சிட்டே" என்றார். ஜூரா ஆமாம் என்றாள். வண்டி தவறான தெருவுக்குப் போய்த் திரும்பிய நாள் அது. மேரிம் தட்டச்சு செய்துகொண்டாள்.

இன்னொன்றில் அரசாங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று பனியை அளந்து கொடுக்கிறது. பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பனியைத் திருடிப் பொம்மை செய்கிறார்கள். கரண்ட்டை வெட்டிய குளிர்காலத்தில் எழுதினாய் என்று மாமியார் அதையும் பிடித்துவிட்டார். மாஸ்கோவுக்குப் போகக் காசில்லாதவன் தன் நிழலை மட்டும் வேலைக்கு அனுப்பும் கதை வந்தது. நிழல் ஒழுங்காகப் பணம் அனுப்புகிறது. பிறகு அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறது. ஊரில் இருப்பவன் வெயிலில் வெளியே வர வெட்கப்படுகிறான்.

"கோடி வீட்டு மருமகளோட புருஷன்" என்றார் மாமியார். "பேரைப் போட்டுத் தொலைச்சிராதே. விருந்துக்கு அவளும் வர்றா."

மேரிம் சிரித்தாள். ஜூரா சிரிக்கவில்லை. ஒவ்வொரு கதையின் தோலையும் உரித்து உள்ளே இருக்கும் ஆளைக் கிழவி கையில் எடுத்துக்கொண்டே வந்தார். அடுத்து எது என்று ஜூராவுக்குத் தெரியும். அந்தக் கதை தொடங்குவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எண்ணெய் கையில் தெறித்ததுபோல் நடித்திருக்கலாம். அதற்குள் மேரிம் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஒரு கிரகத்துக்குப் பக்கத்தில் வயதான நிலா ஒன்று இருந்தது. தனியாகச் சுற்றிச் சலித்துப்போய், உன் குட்டி நிலாவை எனக்குக் கொடு என்று அது கேட்டது. கிரகம் கொடுத்தது. குட்டி நிலா வயதான நிலாவைச் சுற்றியே வளர்ந்தது. அது கிட்டே வரும்போதெல்லாம் கிரகத்தில் கடல் ஏறியது. கரையில் இருந்தவர்கள் படகுகளை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். கடல் ஏன் ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை."

இந்த முறை மாமியார் எதையும் சொல்லவில்லை.

"அண்ணி, நீங்க கடலைக் கண்ணால பார்த்ததே இல்ல" என்றாள் மேரிம். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"டிவியில. நிலாவப் பத்தி ஒரு நிகழ்ச்சி போட்டான்."

"எந்த நிகழ்ச்சி?"

"ஞாபகம் இல்ல, சின்னப் பொண்ணு."

மேரிமின் விரல்கள் எழுத்துகளின் மேலேயே நின்றன. அப்படியே போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். போடு என்றாள் ஜூரா. மாமியார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மேரிம் படித்தாள். முடிந்ததும் மாமியார் கிண்ணத்தின் வாயை உள்ளங்கையால் மூடினார். டீ போதும் என்று அர்த்தம். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

குபாத் தோக்மோக்குக்கும் பிஷ்கெக்குக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுபவன். மூன்றாம் நடை முடித்து அவன் வந்து முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும், ஜூரா போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான்.

"எடுத்துரு. ஒரு கதைதானே, இன்னும் எத்தனையோ இருக்கு."

"எடுத்தா அத்தை மறந்துருவாங்களா?"

"எடுத்துருன்னா எடுத்துரு. சொந்தக்காரங்க பூரா வர்றாங்க. எங்கம்மா பிள்ளையப் பிடுங்கிக்கிட்டவன்னு ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கப்போறியா?"

அவன் குரலில் கோபத்தைவிட அவசரம் அதிகமாக இருந்தது. அழைப்பில் குரல்களைக் கேட்டே பிழைப்பவள் அவள். வலிக்கிறவன் ஒருவிதமாகப் பேசுவான், மறைக்கிறவன் ஒருவிதமாகப் பேசுவான். ஆனால் அதை யோசிக்க நேரம் இல்லை. கதை போனால் போகட்டும், அந்தக் கிழவி இந்தப் பெண்ணின் முன்னால் வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்று அவள் உள்ளே வந்தாள். மேரிமிடம் அந்தக் கதையை நீக்கச் சொன்னாள்.

"நீக்கிடலாம் அண்ணி. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

பதில் சொல்வதற்குள் மாமியாரின் கதவு திறந்தது. "எல்லாரும் உள்ள வாங்க. அவனையும் கூப்பிடு."

மெத்தைகளும் போர்வைகளும் கூரை வரைக்கும் மடித்து அடுக்கிய சுவரில் சாய்ந்து மாமியார் உட்கார்ந்திருந்தார். ஜூரா வாசலருகிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். குபாத் உட்காரவே இல்லை. மேரிம் அம்மாவின் பக்கத்தில் போய் இடம் பிடித்தாள்.

"உன் கதையில ஒரு வரி தப்பு" என்றார் மாமியார்.

"அத்தே, அத எடுத்துடச் சொல்லிட்டேன். சும்மா டிவியில—"

"கிழட்டு நிலா கேட்டுச்சுன்னு எழுதியிருக்கே. நான் எப்போ கேட்டேன்?"

ஜூராவின் கண் தானாக மேரிமிடம் ஓடியது. இருபது வருடத்துக்கு மேல் கட்டிக் காத்த சுவர் ஒரே கேள்வியில் சரிந்து கிடந்தது. மேரிம் போர்வையின் ஓரத்து நூலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"குபாத் சொன்னாரு" என்றாள் ஜூரா மெதுவாக. "நீங்க கேக்கறீங்கன்னு."

"அவன்கிட்டயே கேளு."

ஜூரா திரும்பினாள். அப்போது அவள் வாயில் வந்தது மனைவியின் குரல் இல்லை, 103-இன் குரல் என்று மேரிம் என்னிடம் சொன்னாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பதற்றத்தில் இருப்பவனிடமிருந்து முகவரியைப் பிடுங்கும் குரல்.

"முதல்ல யாரு சொன்னது?"

"நான்தான்" என்றான் குபாத்.

"அத்தை அப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

"படுத்துக் கிடந்தாங்க" என்றான். "அப்பா செத்ததுலேருந்து அடுப்பே பத்த வைக்கல. சுவரையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாங்க. நீ பட்டணத்துல படிச்சுக்கிட்டிருந்தே. பால் மறக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு குழந்தையக் கொண்டாந்து பக்கத்துல போட்டேன். அன்னைக்குத்தான் எந்திரிச்சு உக்காந்தாங்க. அப்புறம் எடுத்துட்டுப் போக எனக்குக் கை வரல."

"அவங்க கேட்டாங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"நான் கேட்டேன்னா நீ குடுத்திருக்க மாட்டே."

அது உண்மை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஜூரா தரையைப் பார்த்தாள். அந்த வருடங்களில் மாமியாருக்கு அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு மருந்து, விருந்தில் முதல் இடம். ஆனால் ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதில்லை. பிடுங்கியவளிடம் என்ன பேச்சு என்று இருந்தாள்.

"நான் உங்ககிட்ட இத்தனை வருஷமா…" என்று தொடங்கினாள்.

"தெரியும்" என்றார் மாமியார். "டீ சூடாத்தான் இருந்துச்சு. டீ மட்டும்."

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் மேரிமைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அவள். "எனக்குப் பத்தாவதுலயே தெரியும். பள்ளிக்கூடத்துல எவகூடச் சண்டை போட்டாலும் அவ எடுக்கிற முதல் கல்லே அதுதான்."

"ஏன் கேக்கல?" ஜூராவின் குரல் இப்போது 103-இன் குரலாக இல்லை.

"கேட்டா இந்த வீட்டுல யாரோ ஒருத்தர் அழுவீங்க. யாருன்னு தெரியல. அதான் கேக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை அச்சு. கதை இருக்கா, இல்லையா?"

கதையை எடுத்துவிடலாம் என்று குபாத் முனகினான். மாமியார் அவனைப் பார்க்காமலே, "இருக்கட்டும். ஆனா சரியா இருக்கட்டும்" என்றார்.

தன் கதைகளுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது என்பதில் ஜூராவுக்கு அதுவரை சந்தேகமே இருந்ததில்லை. நடந்ததை எடுப்பாள், நடக்காத உலகத்தில் கொண்டுபோய் வைப்பாள். நடந்தது என்று தான் நம்பியதே நடக்காததாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்ததில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும் மேசையில் வாழ்நாளெல்லாம் எழுதியவளுக்கு, மணியே இல்லாத அந்த அறையில் ஒரு வரி வர வெகுநேரம் ஆனது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். கடைசியில் சொன்னாள்:

"வயதான நிலா எதையும் கேட்கவில்லை. அது கேட்பதாக, இடையில் போன எரிகல் ஒன்று கிரகத்திடம் வந்து சொன்னது."

மேரிம் தட்டச்சு செய்தாள். "அண்ணே, கல்லாயிட்டீங்க" என்றாள். குபாத் வண்டியைக் கழுவப் போனான்.

குறிப்பையும் அங்கேயே எழுதினார்கள். 'இந்தக் கதையின் முதல் வரிகளில் பிழை இருந்தது. திருத்தித் தந்தவர் என் மாமியார்.' அவ்வளவுதான்.

விருந்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு குபாத்தின் சித்தி ஒருத்தி, என்ன பிழை, யார் செய்த பிழை என்று கறித்தட்டுக்கு மேலே சத்தமாகக் கேட்டாள். கோடி வீட்டு மருமகள்கூட மெல்லுவதை நிறுத்தினாள். ஜூராவின் கையில் கெட்டில் கனத்தது. மாமியார் எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துக்கொண்டே, "நிலாவப் பத்தினது. உனக்கு விளங்காது, சாப்பிடு" என்றார். சித்திக்கு விளங்கியது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

குபாத்தோடு ஜூரா அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேவைக்குமேல் பேசவில்லை. பனி உருகி, வண்டியின் கியர்ப்பெட்டி உடைந்து அவன் வீட்டில் உட்கார்ந்தபோதுதான் மறுபடி பேச்சு தொடங்கியது. அதுவும் சண்டையாகத்தான் தொடங்கியது.

ஜூரா இன்றைக்கும் தோக்மோக்கில் அதே தொலைபேசி மேசையில் இருக்கிறாள். இரண்டாவது புத்தகத்துக்குக் கதைகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. மேரிம் பிஷ்கெக்கில் அதே அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். ஜூராவை அண்ணி என்றுதான் அழைக்கிறாள். மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. புதுக் கதைகளை அவரே படிக்கிறார்.