நிக்கல் இல்லாத பேட்டரிக்கு என்ன விலை?

பழைய சாமான் கடைக்கு ஒரே வேதம்தான்: எடை கூடினால் விலை கூடும். மின்சார வண்டி வந்து அந்த வேதத்தைக் கெடுத்துவிட்டது. தேனியில் பழைய பேட்டரி வாங்கி விற்கிறேன். தராசை நம்பி மோசம்போன சக கடைக்காரர்களே, என் பாட்டையும் கேளுங்கள்.

மாமனும் மச்சானும்

தேவதானப்பட்டியிலிருந்து ஒரு மாமனும் மச்சானும் வந்தார்கள். இருவருடைய மின்சார ஸ்கூட்டர்களும் லாரியில் மாட்டி நொறுங்கிப் போயிருந்தன. பேட்டரி மட்டும்தான் மிச்சம். மச்சானுடையது இலேசு. உள்ளே நிக்கல் இருந்தது. பிரித்தெடுக்கும் கம்பெனிகள் அதற்காகவே பேட்டரி வாங்குகின்றன. மாமனுடையது கனம். இரும்பு பாஸ்பேட் ரகம், நிக்கல் பொட்டுக்கூடக் கிடையாது.

மச்சானுக்கு நல்ல விலை சொன்னேன், மாமனுக்கு அதில் பாதிகூடச் சொல்லவில்லை. மனுஷன் பேட்டரியை இறக்கி மறுபடி தராசில் ஏற்றினார். முள் எடையைத்தானே சொல்லும், உள்ளே இருப்பதையா சொல்லும்? கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "கனமானதுக்குக் கம்மி விலைன்னா, உன் தராச முதல்ல எடைக்குப் போடு ஆத்தா."

வாயை வைத்துக்கொண்டு

பக்கத்து ஷோரூமுக்கு வண்டி வாங்க வருகிறவர்கள் என்னிடமும் யோசனை கேட்பார்கள். பொய் சொல்ல எனக்கு வராது. நெடுந்தூரம் போகணும், மலை ஏறணும், வண்டி இலேசாக இருக்கணும் என்றால் நிக்கல். ஊருக்குள் ஓட்ட, வெயில் தாங்க, பல வருஷம் உழைக்க இரும்பு; விலையும் மலிவு. இப்படிச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் இரும்பைத்தான் வாங்குவார்கள்.

"எல்லாரும் அதையே வாங்குனா நாளைக்கு என் கடைக்கு எது வரும்?" என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் புலம்பினேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் வண்டி ஓட்டத்தான் வாங்குறேம்மா, உங்களுக்கு விக்கிறதுக்கா வாங்குறேன்?"

லாரி வராது

எனக்கு இருந்தது ஒரே மொத்த வியாபாரி, கோயம்புத்தூர் ஏஜென்ட். ஒருநாள் நிக்கல் பேட்டரிகளை மட்டும் லாரியில் ஏற்றிவிட்டு, இரும்பு ரகத்தைக் காலால் ஒதுக்கினார். "வண்டி கம்பெனிங்க மலிவுன்னு இரும்புக்குப் போறாங்கக்கா. நிக்கலுக்கே நெனச்ச கிராக்கி இல்ல, அப்புறம் இந்த இரும்ப யாரு வாங்குவா? இதை வாங்குறத நிப்பாட்டுங்க, இல்லைன்னா லாரி வராது" என்றார்.

பாதி குடோன் இரும்புதான். நிப்பாட்டினால் கடையை மூட வேண்டும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரில் ஓடுவதெல்லாம் இரும்பாக இருக்க, நிக்கலை நான் வயலிலா விளைவிப்பது? "வராட்டி போங்க" என்று சொல்லிவிட்டேன். லாரி போனபிறகு, மிச்சம் கிடந்த இரும்பு பேட்டரிகளை எண்ண ஆரம்பித்தேன்.

கடையில் பேட்டரிகளைச் சோதிக்கும் மும்தாஜ் அதில் ஒன்றில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவுக நிக்கல் இல்லைன்னுதான சொன்னாக, கரண்ட் இல்லைன்னா சொன்னாக?"

வரிசை

வண்டிதான் நொறுங்கியிருந்தது, பல பேட்டரிகளில் உயிர் இருந்தது. நல்ல செல்களைப் பிரித்து, புதுப் பெட்டியில் அடைத்து, காய்கறிச் சந்தை விளக்குக்கும் தோட்டத்து மருந்து ஸ்பிரேயருக்கும் கொடுத்தோம். முதலில் யாரும் சீந்தவில்லை. ஒரு கோடை முழுக்க வெயிலில் கிடந்தும் அவை ஓடியதைப் பார்த்த பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அதே ஏஜென்ட் வந்து நின்றார். இரும்பு ரகத்தில் லித்தியம் எடுக்க ஒரு கம்பெனி கேட்கிறதாம். "சும்மா கிடக்கிறதுதானேக்கா, மொத்தமா ஏத்திக்கிறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், ஸ்பிரேயர் பேட்டரிக்காகக் காத்திருந்த கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரம்மா முந்திக்கொண்டார்: "தம்பி, அங்கன பின்னாடி நில்லுங்க, நான் காலையிலேயே வந்துட்டேன்."

உலகச் சந்தையில் நிக்கல் ஏறட்டும், இறங்கட்டும். என் கடை ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் என் கைதான்.