நாய்க்கு ஏன் இங்கிலீஷ்?

போன வாரம் என்னால் ஒரு பெண்ணின் டாக்டர் பட்டம் பறிபோகப் பார்த்தது. வாயுள்ள பிள்ளை... பிழைத்துக்கொண்டார்!

அவர் பெயர் பத்மா. திருப்பருத்திக்குன்றத்துக்காரர். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தவர். இன்றைய நாவல்களைப் பின்காலனியக் கோட்பாட்டின் வழியே படிப்பது அவர் தலைப்பு. அதாவது, வெள்ளைக்காரன் போன பிறகும் நமக்குள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடுவது. என் நாவலுக்குள்ளும் தேடியிருக்கிறார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலி, சூடாக டீ... வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், இல்லையா?

என் நாவலில் பட்டுச் சங்க மேனேஜர் ஒருவர் வருகிறார். வீட்டில் எல்லோரிடமும் தமிழ். நாயிடம் மட்டும் 'கம்', 'சிட்', 'கெட் அவுட்'! மேலதிகாரிகளிடம் இங்கிலீஷில் திட்டு வாங்கியவர், தனக்குக் கீழே ஓர் உயிர் கிடைத்ததும் அதே மொழியில் அதிகாரம் செய்கிறார் — இது பத்மாவின் விளக்கம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "சார், இதெல்லாம் யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"இல்லீங்க... எங்க தெருவுல ஒருத்தர் அப்படித்தான் பேசுவார். பார்த்தேன், எழுதினேன்."

அரங்கமே சிரித்தது. "அப்ப உங்க அத்தியாயமே அடிபட்டுப் போகுதேம்மா?" என்றார் தேர்வாளர். கடைசி வரிசையில் இருந்த பத்மாவின் அப்பா, வேர்க்கடலை வியாபாரி, என்னை முறைத்தார் பாருங்கள்... நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், நீங்க நாயை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"நானா? 'கம் கம்'னுதான்..."

"யார்னா சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லியேம்மா."

மேடைத் தமிழ் பறந்துவிட்டது அவருக்கு. "அதான் சார்! தெரிஞ்சு பேசினா விட்டுடலாம். தெரியாமயே எல்லாரும் பேசிக்கினு இருக்கோமே, அது ஏன்னுதான் நான் தேடிக்கினு இருக்கேன். நீங்க யோசிக்காம எழுதினதுதான் எனக்கு சாட்சியே!"

தேர்வாளர் சிரித்தார். "எங்க வீட்டு நாய்க்கும் தமிழ் தெரியாதும்மா... டாக்டர் பத்மா!"

கைதட்டல். பத்மா அழுதுவிட்டார்.

வெளியே வரும்போது அவர் அப்பா என்னை மடக்கினார். "ஐயா, கோச்சிக்காதீங்க. நீங்க பாட்டுக்கு எழுதிக்கினு இருங்க. அர்த்தத்தை எங்க பொண்ணு பார்த்துக்கும்."

ஆகவே, இந்தப் பத்திக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்!