தஃபின்காவின் மூன்றாவது கிளாஸ்

ப்ளோவ்டிவ் நகரத்துத் தாவர ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக தஃபின்காவுக்கு ஒரே வேலைதான். வெங்காய வேரின் நுனியைக் கிள்ளி, சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலால் நசுக்கி, நுண்ணோக்கியில் செல்களை எண்ணுவாள். ஆயிரம் செல்லில் எத்தனை இரண்டாகப் பிரிகின்றன என்று சொல்லிவிட்டால் போதும். மீதியைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கட்டைவிரல் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊதாவாகவே இருக்கும். யாராவது முகம் சுளித்தால், "இது வேலை செய்யிற கை. உன்னுது எதுக்கு இவ்ளோ வெள்ளையா இருக்கு?" என்று கேட்டுவிடுவாள். அவ்வளவு துடுக்கு.

எழுபத்தெட்டாம் வருடம் பிப்ரவரியில் பேராசிரியர் கலுதோவுக்குத் தலைகால் புரியவில்லை. காதுக்குக் கேட்காத மீயொலியை வேரில் பாய்ச்சினால் செல்கள் கிடுகிடுவெனப் பிரிகின்றன, திசு வேகமாக வளர்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஆறாத புண்ணுக்கு இதுதான் மருந்து என்று தலைநகர் சோஃபியாவில் நடக்கும் மாநாட்டில் அறிவிக்கப் போகிறார். ஒலி பட்ட வேரில் ஆயிரத்துக்குத் தொண்ணூறு செல் பிரிந்தது. படாத வேரில் ஐம்பதுதான். இரண்டையும் எண்ணியவள் தஃபின்கா. எண்ணியவர் கையெழுத்து இல்லாமல் அங்கே எந்த அறிக்கையும் வெளியே போகாது.

எண்ணிக்கையில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வெங்காயம் வேர்விட உட்கார்ந்திருந்த தண்ணீர் கிளாஸில்தான் சந்தேகம். ஒலிக் கருவி ஓடினால் தண்ணீர் வெதுவெதுப்பாகிறது. விரலை விட்டாலே தெரியும். ஒலி படாத வெங்காயமோ பனி அப்பிய ஜன்னலோரம் விறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் எதுதான் வளரும்? யாரையும் கேட்காமல் மூன்றாவதாக ஒரு கிளாஸ் வைத்தாள். தண்ணீர் அதே சூடு, ஒலி மட்டும் கிடையாது. எண்ணினாள். எண்பத்தொன்பது.

"தோழர் பேராசிரியரே, வேரை வளர்த்தது உங்க ஒலி இல்ல. சூடு."

கலுதோவ் சிரித்தார். "நீங்க எண்ணுங்க தஃபின்கா, அது போதும். யோசிக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க."

"அப்ப கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மரியாதை பறந்துபோயிற்று. "ஒழுங்கா கையெழுத்தப் போடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து கீழ போய் பாட்டில் கழுவு!"

அந்த நுண்ணோக்கியை நேசித்த அளவுக்கு தஃபின்கா தன் புருஷனைக்கூட நேசித்ததில்லை, அவளே சொல்வாள். பேனாவை வாங்கினாள். மூன்றாவது கிளாஸுக்கு ஒரு வரி சேர்த்து எழுதி, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"மூணும் சேர்ந்து போகணும். இல்லேன்னா என் பேரு போகாது."

கலுதோவ் தாளைக் கிழித்துப்போட்டார். மறுநாள் அவள் கீழ்த்தளத்தில், அங்கே வழக்கமாகப் பாட்டில் கழுவும் ஸ்லாவேய்காவுக்குப் பக்கத்தில் நின்று தானும் கழுவினாள்.

"ஏன்டி, ஒரே ஒரு கையெழுத்து. போட்டுத் தொலைச்சா என்ன?" என்றாள் ஸ்லாவேய்கா.

"தொலைச்சிருக்கலாம். அப்புறம் எவளோ ஒருத்தி சீழ் வச்ச கால்ல அந்த ஒலிப் பெட்டிய வச்சுக்கிட்டு, எப்ப ஆறும், எப்ப ஆறும்னு காத்துக் கெடப்பா. தெரிஞ்சே போடச் சொல்றியா?"

மேலே வேறு யாருக்கும் எண்ணத் தெரியாது. அறிக்கைக்கு வேறு வழியில்லாமல் கலுதோவே எண்ண உட்கார்ந்தார். அவள் சொன்னது பொய் என்று காட்டியே தீருவது என்ற வீம்பில் மூன்றாவது கிளாஸையும் தானே வைத்தார். மூன்று வாரம் கண் சிவக்கச் சிவக்க எண்ணினார்.

பாட்டில் கொடுக்க மேலே போன ஸ்லாவேய்கா மூச்சிரைக்க இறங்கி வந்தாள். "அவரு எண்ணினாலும் மூணாவது கிளாஸ்ல எண்பத்தேழாம்டி! மாநாட்டுக்குப் போகலையாம்!"

"என்னைக் கூப்பிட்டாரா?"

"இல்ல. உன் நாற்காலியிலதான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

தஃபின்காவுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. கையிலிருந்த பாட்டிலை அலசி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தாள்.

"கூப்பிட வேணாம். எண்ணக் கத்துக்கிட்டாரு இல்ல? இனிமே பொய் சொல்றதுன்னா, பொய்னு தெரிஞ்சேதான் சொல்லணும்."