ஆயுத பூஜைக்கு அணைக்கப்பட்ட கணினி

ஆயுத பூஜை அன்று ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அணைத்துத்தான் ஆகவேண்டுமா? வீட்டில் கேட்டேன்; ஆகவேண்டும் என்றார்கள். கோயிலில் கேட்டேன், குருக்கள் சிரித்துவிட்டு அடுத்தவரின் அர்ச்சனைச் சீட்டை வாங்கப் போய்விட்டார். எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. அணைத்தது யார் என்பது மட்டும் தெரியும். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் குருண் என்ற சிற்றூரில் மாமனார் மாமியாருடன் இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நானும் அங்கே பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகள் பிறந்து, பிரசவ விடுப்பு முடிந்ததும் விட்டுவிட்டேன். அவளை மாமியாரிடம் விட்டுப்போக மனம் வரவில்லை. மூன்று மாதக் குழந்தையின் நாக்கில் தேன் தடவியவர் அவர். டாக்டர் கூடாது என்கிறார் என்றதற்கு, "நான் மூணு பெத்து வளத்தவ. ஒன் டாக்டர் எத்தன பெத்தாரு?" என்றார். அன்று பிடித்த பயம் எனக்குப் போகவில்லை.

அதனால்தான் வீட்டிலிருந்தே பாமாயில் எனும் செம்பனை எண்ணெயை, பின்னாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேரச் சந்தையில் வாங்கி விற்கலாம் என்று முடிவு செய்தேன். கர்ப்பமாக இருந்தபோதே அதைப் பற்றிப் படித்திருந்தேன், நிஜப் பணம் போடாத பயிற்சிக் கணக்கில் பல மாதம் பழகியிருந்தேன். கணவர் ஒரு நிபந்தனை போட்டார். மகளுக்கு ஒரு வயது ஆகும்வரை செய்து பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் நான் பழைய வேலைக்குத் திரும்பவேண்டும், குழந்தை மாமியாரிடம்.

என்ன கணினி வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நடுத்தரமான பிராசசர், பதினாறு ஜிபி நினைவகம், வேகமான எஸ்எஸ்டி, இரண்டு சாதாரணத் திரைகள். விலைக்கோடு பார்க்க விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. என் தரகரின் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதால் விண்டோஸ். கூடவே ஒரு யுபிஎஸ். ஜெராய் மலைப் பக்கம் இடி இடித்தாலே எங்கள் வரிசை வீடுகளில் மின்சாரம் போய்விடும். இரண்டு மூன்று முறை அடித்துத் திருத்திய பட்டியல் அது. அப்போதும் சரியா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தேகம்தான் என்னைக் கவிழ்த்தது.

கணவரின் அண்ணனுக்குச் சுங்கைப்பட்டாணியில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. கணினியிலும் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பவர். நான் கடைக்குப் போக இருந்த வாரத்தில் ஒரு பழைய கேம் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தன.

"எதுக்குப் புதுசு? இது ரேஸ்ல ஓட்டுற கெரெத்தா மாதிரி. ஒன்னோட எண்ணெய் வெலைய பாக்க இது போதும், மிச்சத்துல ராக்கெட்டே விடலாம்."

"அத்தான், என் புரோக்கர் சாப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும்."

"விண்டோஸ்னா யாவாரம் நடக்குறப்ப அப்டேட்டுனு நின்னுக்கும். நான் லினக்ஸ் போட்டுட்டேன். கல்லு மாதிரி நிக்கும். படிச்ச பொண்ணு, இத நான் சொல்லணுமா?"

"யுபிஎஸ் ஒண்ணு..."

"அதெல்லாம் வேணாம் லா. ஆபீஸ்ல வேல பாத்த பழக்கம், எல்லாத்துக்கும் பாதுகாப்பு கேக்குது."

மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவன் தூக்கிட்டு வந்துருக்கான், ஒரு காப்பி போடத் தோணல," என்றார். போய்க் காப்பி போட்டேன். பட்டியல் நோட்டிலேயே இருந்தது.

லினக்ஸ் மோசமானது என்று சொல்லமாட்டேன். அது ஒருமுறைகூட நின்றதில்லை. அந்த ஒன்றில் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் என் வேலைக்கு அது பொருந்தவில்லை. தரகரின் மென்பொருளை வேறு வழிகளில் ஓட்டிப் பார்த்தேன், பாதியில் உறைந்துபோனது. கடைசியில் தரகரின் இணையப் பக்கத்தில்தான் வேலை செய்யவேண்டியதாயிற்று. விலை ஓர் எல்லைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடும் ஆணையை அந்தப் பக்கத்தில் வைக்க முடியாது. மென்பொருளில் வைத்திருந்தால் அது தரகரிடமே இருக்கும். என் கணினி செத்தாலும் அது சாகாது. அதற்குப் பதிலாக, விலையைக் கவனித்து விற்கும் ஒரு சிறிய நிரலை இணையத்தில் தேடி எடுத்து என் கணினியில் ஓட்டினேன். சந்தை திறந்திருக்கும் நேரமெல்லாம் கணினியும் விழித்திருக்கவேண்டும். அதன் விசிறிச் சத்தத்தில் மகள்தான் தூங்கவில்லை. விழித்தால் அந்த வண்ண விளக்குகளை நோக்கித் தவழ்வாள்.

ஆயுத பூஜை வேலை நாளில் வந்தது. சந்தைக்கு விடுமுறை இல்லை. அன்று நான் வாங்கி வைத்திருந்ததை இன்னும் விற்கவில்லை. காலையிலேயே மாமியாரிடம் சொன்னேன், கணினிக்குப் பொட்டு வையுங்கள், ஆனால் அணைக்காதீர்கள் என்று. திரையிலும் ஒரு தாள் ஒட்டினேன். மூன்று மணிக்கு மகளைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் மேசை காலியாக இருந்தது. பூஜைக்கு வந்திருந்த கணவரின் அண்ணன், கணினியைப் பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் மாமனார் ரப்பர் மரம் சீவிய பால்வெட்டுக் கத்திக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நிறுத்தியிருந்தார். காற்றுத் துளைகளிலும் சந்தனம்.

"அத்தான், அத அணைக்க வேணாம்னு எழுதியிருந்தேன்."

"ஆயுதம்னா இன்னைக்கு ஓய்வு. நாளைக்கு காலையில எடுத்து ஓட்டு. ஒரு நாள் ஒன் எண்ணெய் காத்திருக்காதா?"

"காத்திருக்காது."

"பூஜ நேரத்துல வாதாடுறா பாரு," என்றார் மாமியார், கற்பூரத்தட்டைத் தேடியபடி.

கைப்பேசி இடுப்பில்தான் இருந்தது. அதில் தரகரின் பக்கத்தைத் திறந்து ஒரே நிமிடத்தில் விற்றிருக்கலாம். விற்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எல்லோரோடும் நின்றேன். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சுண்டல் பகிர்ந்து முடிய ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் அறைக்குள் போய்க் கைப்பேசியைப் பார்த்தேன். விலை என் எல்லையைத் தாண்டி வெகுதூரம் இறங்கியிருந்தது. பதறிப்போய் அந்த அடிமட்டத்திலேயே விற்றேன். விற்ற சற்று நேரத்தில் விலை திரும்பி ஏறத் தொடங்கியது.

கணினி ஓடியிருந்தால் சின்ன இழப்போடு தப்பியிருப்பேன். பூஜைக்கு நடுவிலேயே கைப்பேசியை எடுத்திருந்தாலும், கடைசியில் பதறாமல் இருந்திருந்தாலும் தப்பியிருப்பேன். இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கணவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் கண்டுபிடித்தார்.

"அண்ணன் அணைச்சது தப்பு. சரி. ஃபோன் ஒன் கையிலதான இருந்துச்சு?"

"எல்லாரும் நிக்கிறப்ப ஃபோன எடுத்தா ஒங்க அம்மா சும்மா இருப்பாங்களா?"

"அப்ப அம்மாவுக்குப் பயந்துகிட்டு பண்ற யாவாரமா இது? பழைய ஆபீஸ்ல ஆள் கேக்குறாங்களாம். யோசிச்சு வை."

அண்ணன் மறுநாள் காலை போன் செய்து, கணினி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அந்தச் சந்தனத்தைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். அவரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேரில் கண்டால் தலைதான் ஆடுகிறது. நானே விரும்பாத குணம் இது.

அடுத்த மாதம் மகளுக்கு ஒரு வயது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பழைய அலுவலகத்துக்குப் பதில் சொல்லவேண்டும். மாமியார் இப்போதே தொட்டில் கயிற்றைத் தன் அறைக்கு மாற்றிக் கட்டிவிட்டார்.

இதைப் படிப்பவர்களில் வீட்டிலிருந்து வாங்கி விற்பவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பேட்டரி உள்ள மடிக்கணினியே போதுமா, அல்லது யுபிஎஸ்ஸோடு சின்ன மேசைக் கணினி நல்லதா? லினக்ஸை வைத்துக்கொண்டு தரகரை மாற்றுவதா, தரகரை வைத்துக்கொண்டு விண்டோஸுக்குப் போவதா? விற்கும் ஆணையைக் கைப்பேசியிலிருந்தே தரகரிடம் வைக்க வழி உண்டா? கடைக்காரர்களின் பதில் வேண்டாம், கேட்டுவிட்டேன். மாமியார் வீட்டில் ஒரு மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள் சொல்லுங்கள். கணவரின் அண்ணன் கொடுத்த பொருளை, சண்டை இல்லாமல் அல்ல, சண்டையோடுதான், அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் எப்படி இறக்கி வைப்பது? அப்படி இறக்கி வைத்தவர்கள் யாராவது இருந்தால், அன்று முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள்?