கைக்குள் இருந்த சொல்

தென்கடலின் ஹாபாய்த் தீவுகளில் ஒன்றில், லோசலின் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தாள். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை படகில் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அவள்தான். ஓய்வு பெற்ற அன்று, பிரசவப் பதிவேட்டின் பின்னட்டையை மட்டும் கிழித்துத் தரச்சொல்லிக் கேட்டாள். அதில் அவள் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியதைத் தீவுப் பெண்கள் என்னென்ன வார்த்தையில் வந்து சொன்னார்கள் என்ற பட்டியல். புதிதாகக் கல்யாணமானவள், "மீன் நாறுது சிஸ்டர்" என்பாள். ஏழாவது பிள்ளைக்காரி, "பாயை அகலமா முடையணும் போல" என்பாள். இப்படிப் பதினான்கு.

பதினான்காவதை எந்தப் பெண்ணும் வந்து சொன்னதில்லை. அதற்கு அர்த்தம், கைக்குள் வைத்திருத்தல். தங்கிவிட்டது என்று தெரிந்தும் புருஷன் உட்பட யாருக்கும் சொல்லாமல் இருக்கும் நாட்களுக்கான சொல். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து லோசலின் அப்படி வைத்திருந்தாள். நான்காம் மாதம் கை வெறுமையாயிற்று. பிறகு பிள்ளை இல்லை. பெயர் இல்லை, கல்லறை இல்லை. அந்தப் பிள்ளைக்கென்று உலகத்தில் இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

அவள் ஓய்வு பெற்ற பின், எண்பத்து நான்காம் வருஷம், தலைநகரிலிருந்து அகராதிக்காரர் பெனிசிமானி வந்தார். தீவுகளின் பேச்சு வழக்குக்கு ஒரு அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. அந்தத் தீவுக்குக் குழுவில் இரண்டு பேர். ஒருத்தி லோசலின். இன்னொருவன் அவள் தம்பி லிசியாத்தே. பள்ளி ஆசிரியன். கோயில் விழாவுக்கு நடனப் பாட்டுக் கட்டுகிறவனும் அவன்தான். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் நகல் எழுதும் வேலை அவனுக்கு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடுவான். ஒரு காற்புள்ளி தவறினாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவான்.

அக்காவும் தம்பியும் பள்ளி அறையின் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள். பத்து வயதில் அவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆண்பிள்ளைகள் குடிசைக்குப் போனதிலிருந்து அவர்கள் அப்படித்தான்; அக்கா தம்பிக்கு அங்கே அதுதான் வழக்கம். அவள் இருக்கும் இடத்தில் அவன் கேலிப்பாட்டுக்கூடப் பாடியதில்லை. உடம்பைப் பற்றிய பேச்சு எழுந்தால் இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவார். அகராதியிலும் அந்த மாதிரிச் சொற்களை மற்றத் தீவுக் குழுக்களுக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசி நாளுக்கு முந்தைய மத்தியானம் வந்த வினைச்சொல்லை மட்டும் தள்ள முடியவில்லை. அது அந்தத் தீவில் மட்டும் வழங்கும் சொல். பாட்டு மனதில் தங்குவதற்கும் அதைத்தான் சொல்வார்கள், பிள்ளை வயிற்றில் தங்குவதற்கும் அதைத்தான்.

லிசியாத்தே உற்சாகமாக ஆரம்பித்தான். முதல் பொருள், பாட்டுத் தங்குதல். நிகர்ச் சொற்கள்: ஊன்றுதல், திரளுதல், கனத்தல், வாய் தேடுதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம். முக்கால் பக்கம் எழுதிவிட்டு மையைத் துடைத்தான்.

பெனிசிமானி கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் காலை அவருக்குப் படகு. "நல்லா இருக்கு. ரெண்டாவது அர்த்தம்? நர்ஸம்மா, உங்க பட்டியல எடுங்க."

அறையின் பின்பக்கம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த லிசியாத்தேயின் மனைவி ஃபூசி கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"சார், அவங்க அக்கா தம்பி" என்றாள்.

பெனிசிமானிக்கு முகம் சிவந்தது. பதினைந்து வருஷம் வெளிநாட்டில், ஆக்லாந்தில் இருந்தவர். "மன்னிக்கணும். மறந்துட்டேன். அப்ப முதல் அர்த்தத்தோட நிறுத்திக்கலாம். இரண்டாவதுக்கு பைபிள்ல ஒரு வார்த்தை இருக்கே, அத நான் போட்டுக்கறேன்."

லோசலின் மடியிலிருந்த அட்டையைப் பார்த்தாள். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். விரல் பதினான்காவது வரியில் நின்றுவிட்டது. தம்பியை வெளியே போ என்று அவள் சொல்லலாம். மூத்தவள், சொன்னால் போவான். ஆனால் எதற்காகப் போகச் சொல்கிறாள் என்பது அதிலேயே வந்துவிடும்.

லிசியாத்தே எழுந்தான். யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"பள்ளிக்கூடத்துத் தேங்காய் உரிக்காமக் கிடக்கு."

"மழை பெய்யுதே" என்றார் பெனிசிமானி.

"மழையில உரிச்சா மட்டை சுலபமா வரும்."

"அப்படியா? நான் கேள்விப்பட்டதில்லையே."

"நானுந்தான்" என்றாள் ஃபூசி.

அவன் போய்விட்டான். சற்று நேரத்தில் முற்றத்தின் மறுகோடியிலிருந்து ஈட்டிக்கழியில் மட்டை கிழியும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு துதிப்பாட்டு, தொண்டை வலிக்கிற மாதிரி உச்சக் குரலில். உள்ளே பேசுவது ஒன்றும் தனக்குக் கேட்காது என்று அவன் பாடித் தெரிவித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எழுதறது யாரு?" என்றார் பெனிசிமானி. "என் எழுத்த நானே படிக்க முடியாது."

ஃபூசி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நான் ஆறாம் வகுப்பு. பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"சொல்லுங்க அண்ணி. மெதுவாச் சொல்லுங்க. நீங்க ஊசி போடற வேகத்துல சொல்லாதீங்க."

லோசலின் சொன்னாள். மீன் நாறுதல். பாய் அகலமாதல். கிணற்றடியில் உட்காருதல். ஆறாவதைக் கேட்டு ஃபூசி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "இது எங்கம்மா சொல்றது! ஐயோ, இதெல்லாம் புஸ்தகத்துல வரப்போகுதா? பாஸ்டர் வீட்டு அலமாரியில இருக்குமே!"

"அவர் பொண்டாட்டி சொன்னதுதாண்டி அது."

பெனிசிமானி சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே பாட்டு முடிந்து, அதே பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

பதின்மூன்று முடிந்தது. லோசலின் பதினான்காவதைச் சொன்னாள். பொருளையும் சொன்னாள்.

"இது எங்கேயும் பதிவாகலையே" என்றார் பெனிசிமானி. "ஒரு உதாரணம் வேணும் நர்ஸம்மா."

அவள் யோசித்தாள். "அந்த வருஷம் மாங்காய்க் காலம் முழுக்க அவ கைக்குள்ளயே வச்சிருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. உதாரணம் அவ்வளவுதான்."

ஃபூசி நிமிர்ந்து பார்த்தாள். லோசலினின் கை வெறுமையான அந்த வருஷம்தான் அவள் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தாள். ஒன்றும் கேட்காமல் குனிந்து எழுதினாள். 'முழுக்க' என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். மற்றதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

பெனிசிமானி பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சரிபார்த்தவர் கையெழுத்து இல்லாம அங்க வாங்கமாட்டாங்க. இதப் படிக்காம அவர் எப்படிப் போடுவாரு?"

லோசலின் எதிர் மூலையில் தம்பியின் காலி இடத்தைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் ஃபூசி. பக்கத்தைக் குப்புறத் திருப்பி, ஓரங்களைக் கையால் அழுத்தி, மேசையில் வைத்தாள். வாசலில் நின்று கூவினாள். "வாத்தியாரே! போதும் பாடினது. சாமிக்கே காது வலிக்கும். வந்து கையெழுத்துப் போடு."

பாட்டு நின்றது. லிசியாத்தே சொட்டச் சொட்ட வந்து வாசற்படியிலேயே நின்றான். கைகளில் நார் ஒட்டியிருந்தது. மேசையையும் அதில் குப்புறக் கிடந்த தாளையும் பார்த்தான். சட்டையின் உலர்ந்த இடத்தைத் தேடி விரல்களைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளின் வெற்றுப் பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதி, கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டான்.

"படிக்காமலா?" என்றார் பெனிசிமானி. "காற்புள்ளிக்கே கிழிப்பீங்களே. தப்பிருந்தா?"

"இருக்காது" என்றான் லிசியாத்தே. "எங்க அக்கா சொன்னது."

மை காய ஃபூசி ஊதினாள். நன்றி சொல்வதென்றால் எதற்கு என்று சொல்லவேண்டும். அதைச் சொல்ல முடியாது. லோசலின் அறையின் குறுக்கே பார்த்தாள். இந்தத் தம்பியை அவளுக்குக் கொடுத்தார்கள், இந்த ஃபூசியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், முப்பத்தொரு வருஷம் பெண்கள் தங்கள் ரகசியத்தை முதலில் அவளிடம் கொண்டுவந்தார்கள். தனக்குக் குறை வைத்துவிட்டதாக எந்த வருஷத்திலோ கடவுளிடம் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. எந்த வருஷம் என்று சரியாகவே ஞாபகம் இருந்தது.

"லிசியாத்தே" என்றாள். "நனைஞ்சிட்ட. போய்த் துணி மாத்து."

"சரிக்கா" என்றான் அவன்.