என் நடுக்கமும் ஊராரின் மழையும்

கரிசல் காட்டில் பிறந்துவிட்டு மேகத்துக்குப் பயப்படுவது பெரிய அவமானம். வானம் கருத்தால் ஊரே வெளியே வந்து அண்ணாந்து பார்க்கும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஊருக்கு மினி பஸ் விட்ட புதிதில், ஓர் ஐப்பசியில் தொடங்கியது இது.

அன்று ஓர் உடைமுள் மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஆடுகளோடு நின்றேன். நல்ல மழை. ஓடலாம் என்று பார்த்தால், நனைந்த கரிசல் மண் காலில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு ஓர் எட்டு எடுத்துவைக்க விடவில்லை. அப்போதுதான் இடி விழுந்தது. மரத்தடியில் ஒதுங்கியிருந்த ஆடுகள் அப்படியே சாய்ந்தன. என் உடம்பில் ஒரு காயம் இல்லை. ஆனால் அதன் பிறகு மேகம் கூடினாலே தொடை கல்லாக இறுகிவிடும், மூச்சு பாதியில் நிற்கும். மிச்ச ஆடுகளை மேய்க்க என் மனைவி போனாள். இடிக்குப் பயந்து நான் வீட்டுக்குள் இருக்க, அதே இடிக்குக் கீழே அவள் நின்றாள். அதுதான் என் மனசை அரித்தது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பார்த்தார்கள், நரம்பைப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு எதற்கு நான் இங்கே வந்து நிற்கிறேன் என்று கேட்க வாய் வரவில்லை. ஒரு டாக்டர் மட்டும், டவுனில் ஓர் அம்மா வாரம் ஒரு நாள் வந்து, பயந்துபோன உடம்புகளுக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

போனால் மாத்திரை இல்லை, ஊசி இல்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, பாதம் தரையில் படுகிறதா என்று கேட்டார். படாமல் எங்கே போகும்? அறையைச் சுற்றி மெதுவாகக் கண்ணை ஓட்டச் சொன்னார். உடம்பில் எந்த இடம் இறுகுகிறது என்று கேட்டார். முன்பின் தெரியாத பெண்பிள்ளையிடம் தொடை என்று எப்படிச் சொல்வது? முழங்கால் என்றேன். அந்த அம்மாவும் பாவம், பல வாரம் முழங்காலோடு மல்லுக்கட்டினார். பஸ் காசு தண்டம் என்று வீட்டில் முனகினேன். "எங்கிட்ட முனகுததை அந்தம்மாகிட்டப் போயி முனகுங்க" என்றாள் மனைவி.

பிறகு ஒரு தடவை, ஆடு மிரண்டால் என்ன செய்யும் என்று அந்த அம்மா கேட்டார். நாயிடம் தப்பி வந்த ஆடு உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு மேயப் போய்விடும் என்றேன்.

"நீங்க இன்னும் உதறலையே," என்றார். "அன்னைக்கு ஓட நெனச்ச கால் ஓடலை. அந்த ஓட்டம் உள்ளயே நிக்குது. நடுக்கம் வந்தா அடக்காதீங்க. விட்டுருங்க."

ஆட்டைப் பற்றி எனக்கே பாடமா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் அன்றைக்குத் தொடை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டிலும் செய்து பார்க்கச் சொல்லியிருந்தார். மார்கழியில் ஒரு மதியம் மேகம் கூடியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றினேன். தொடையில் தொடங்கிய நடுக்கம் இடுப்பு, தோள், தாடை என்று ஏறியது. அடக்காமல் விட்டேன். பார்த்து அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுச் சின்னம்மை தீப்பெட்டி கேட்டு வரவேண்டுமா? வாசலில் ஒரு கணம் நின்றாள். அடுத்த கணம் என் நெற்றி முழுக்கத் திருநீறு.

"வந்திருக்கது யாருய்யா? சொல்லும்."

"சாமி இல்ல சின்னம்ம. இது வைத்தியம்."

"மொதல்ல அப்படித்தான் மறைக்கும்" என்று, கூடிவிட்ட ஆட்களிடம் திரும்பிச் சொன்னாள். அதற்குள் மழை வேறு கொட்டத் தொடங்கியிருந்தது.

மேகம் கூடினால் நான் நடுங்குவேன். மேகம் கூடினால் மழையும் பெய்யும். இதில் என்ன அதிசயம்? சொன்னால் யார் கேட்டார்கள்? பருத்திக்கு மருந்து அடிக்கும் முன் என் தொடை ஆடுகிறதா என்று வந்து பார்த்தார்கள். உளுந்தை வெயிலில் போடும் முன் வந்து பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் சோறு தின்னவே கூசுகிறவன் நான். வருகிற கொடைத் திருவிழாவில் நான் சாமியாட வேண்டும் என்று கோவில் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். மனைவிதான் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

எருவுக்காக எங்கள் ஆடுகளைத் தன் நிலத்தில் கிடை போடச் சொல்லும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர் தொல்லைதான் பெரிய தொல்லை. நடுக்கம் குறைந்து வருகிறது என்று ஒரு நாள் அவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"அவசரப்படாத தம்பி. இந்த வெள்ளாமை வீடு வந்து சேரட்டும்."

பங்குனியில் ஒரு நாள் மேற்கே லேசாக மூட்டம் போட்டது. மனைவியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, தொரட்டியை வாங்கிக்கொண்டு ஆடுகளை நானே பத்தினேன். களத்தில் அண்ணாச்சி மிளகாய் வத்தலைக் காயப்போட்டிருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையும் அதுதான். அவர் தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

காட்டில் இடி உறுமியது. பாதத்தை ஊன்றினேன். கண்ணை மெதுவாக ஓட்டினேன். வேலிக்கருவை, வரப்பு, ஆடுகள், தூரத்தில் பனை. தொடை நடுங்கத் தொடங்கியது. விட்டேன். கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு அதுவாக அடங்கியது. மூச்சு வயிறு வரை இறங்கியது. மழை பிடித்துக்கொண்டது. நான் நின்றேன், அவ்வளவுதான். மறுபடியும் மண் காலில் ஒட்டியது. ஒட்டட்டும் என்று நின்றேன்.

திரும்பும்போது அண்ணாச்சி களத்தில் குந்தியிருந்தார். வத்தல் சிவப்புத் தண்ணீரில் மிதந்தது.

"ஒன் காலை நம்பித்தானேலே மூடாமப் போனேன்."

தம்பி போய் ஏலே வந்துவிட்டது. பதில் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. குனிந்து வத்தலை அள்ளினேன். நான் அள்ளி முடிக்கிற வரை அவர் திட்டினார். ஒரு மனிதன் இடிக்குக் கீழே நின்று திரும்பி வந்திருக்கிறானே என்று கேட்க அந்த ஊரில் ஆள் இல்லை.

வீட்டில் மனைவி துண்டை நீட்டினாள். என் காலைப் பார்த்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. போயிட்டுது."

"அப்ப நாளையிலருந்து நீங்களே பத்திட்டுப் போங்க. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.